அழைப்பிதழில் ஓர் அமைச்சர்

என் மகனின் மாமனார் ஒரு காலத்தில் அமைச்சராக இருந்தவர். பால்டிக் கடலோரத்தில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று சிறிய நாடுகளில் ஒன்றின் விவசாய அமைச்சர். எந்த நாடு என்று எழுதுவதில்லை என்று மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை பெயரும் பதவியும் போட்டு அச்சடித்து நான் பட்டது போதும்.

நான் அரசியல் வீட்டுப் பெண் அல்ல. கணவருக்குக் குழாய் வேலையும் வீடு சூடாக்கும் பாயிலர் வேலையும். கிங்ஸ்பரியில் வீடு, வீட்டின் முன்னறைதான் அலுவலகம். போனை எடுப்பது, யாரை எங்கே அனுப்புவது என்று பார்ப்பது, பிந்திப் போன வேலைக்காரப் பையன்களுக்காக வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குவது எல்லாம் நான். ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, ஒரே மகன் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தோம். அவன் படித்தான். கூடப் படித்த பெண்ணைக் காட்டி, இவளைத்தான் கட்டுவேன் என்றான். வெள்ளைக்காரப் பிள்ளை என்று முகம் சுளித்த நான், தகப்பன் அமைச்சர் என்று கேள்விப்பட்டதும் சுளித்த முகத்தை நேராக்கினேன். இதை மறைத்து என்ன பயன், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கணவரின் வேலை வண்டியான வானை வாசலிலிருந்து எடுத்து அடுத்த தெருவில் விடச் சொன்னேன். கொடி கட்டிய கார் வரும், முன்னும் பின்னும் வண்டி வரும், நிறுத்த இடம் வேண்டும் என்று நினைத்தேன். நாங்கள் பிறந்த ஊரில் பிரதேச சபைத் தலைவர் வந்தாலே தெரு அடைபடும். கணவரின் தங்கை, என் மச்சாள், ஸ்ட்ரெதமிலிருந்து பட்டுச்சேலையோடு வந்து ஜன்னலடியில் நின்றாள். அவரோ ரயிலில் வந்து இறங்கி, முதுகில் ஒரு பையோடு, போனில் வழி பார்த்தபடி நடந்து வந்தார். மச்சாள் அவரைப் பார்சல் கொண்டுவந்த ஆள் என்று நினைத்துக் கையெழுத்துப் போடப் பேனை தேடினாள்.

சாப்பாட்டு மேசையில் பேச்சு இல்லாமல் இருந்தபோது, உங்கள் கட்சிதானா ஆளும் கட்சி என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டு மேசையில் இருந்த தண்ணீர்த் தம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தார். பெரிய தம்ளர் பிரதமரின் கட்சி. அடுத்தது உள்நாட்டு அமைச்சை வைத்திருக்கும் கட்சி. சின்னத் தம்ளர் நிதியமைச்சரின் கட்சி. கடைசியில் ஊறுகாய்ப் போத்தலில் இருந்த கரண்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்து, இது நாங்கள் என்றார். கரண்டி இல்லாவிட்டால் பெரும்பான்மை இல்லை, கரண்டி இருந்தாலும் ஒரே ஒரு வாக்குத்தான் கூட. அதற்காகத்தான் கரண்டிக்கு ஓர் அமைச்சு கொடுத்திருக்கிறார்கள். என் கணவர் கறியைப் பிசைந்தபடி, எங்கள் கோயில் நிர்வாகசபையும் இப்படித்தான், தலைவர் ஓர் ஊர் என்றால் செயலாளர் மற்ற ஊர் என்றார். அதை மகன் மொழிபெயர்க்க, அவர் வெகுநேரம் சிரித்தார். சாப்பிட்டதும் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். மச்சாள் என்னைச் சமையலறை மூலைக்கு இழுத்து, இவர் உண்மையாகவே அமைச்சர்தானா, விசாரித்தீர்களா என்று கேட்டாள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருந்தது. அதைத் தீர்க்கத்தான் இணையத்தில் அந்த நாட்டு வானொலியின் ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினேன். அவர் படம் இருந்தது, பசு ஒன்றின் பக்கத்தில் நின்றார். நிம்மதியாக இருந்தது. ஆனால் படிப்பதை என்னால் விட முடியவில்லை. காலைத் தேநீரோடு அந்த மந்திரிசபையைப் பார்க்காவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது என்ற நிலைக்கு வந்தேன். பெயர்கள் வாயில் நுழையாதபடியால் நானே பெயர் வைத்தேன். பிரதமர், பெரியம்மா. கையைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் தான் நினைத்ததைச் செய்கிறவர். நிதியமைச்சர், கண்ணாடி. ஒவ்வொரு படத்திலும் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். உள்நாட்டு அமைச்சர், மொட்டையர். அவருடைய கட்சிக்கு விவசாய அமைச்சின் மேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண். கூட்டு ஒப்பந்தம் எழுதியபோது கிடைக்கவில்லை, அந்தக் கோபம் உள்ளே இருந்தது. டீசல் வரியில் பெரியம்மாவும் கண்ணாடியும் முறைத்துக்கொண்ட வாரம், வேலைக்குப் போகிற எங்கள் பையன்களுக்கு நான் அதை விளக்கினேன். அவர்கள் வான் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

கலியாணத்துக்கு நாள் பார்த்தபோது மார்கழி பிறக்குமுன் இரண்டே நாள் சரிவந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. முகூர்த்தம் காலை ஒன்பது ஐந்திலிருந்து பத்து இருபது வரை, அதற்குப் பிறகு ராகுகாலம். பெண்ணுக்குத் தாய் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இறந்துவிட்டார். தகப்பன் தனியே இருந்து தாரை வார்க்கலாமா என்று ஐயரிடம் கேட்டோம். லண்டனில் இருபது வருடம் இருந்த ஐயர், வேறு எத்தனையோ பார்த்துவிட்டேன், இது ஒரு பிரச்சினையே இல்லை என்றார். பெண் அன்றே தகப்பனோடு வீடியோவில் பேசி, தண்ணீரை எப்படி ஊற்ற வேண்டும் என்று ஒரு தேநீர்க் குவளையை வைத்துக் காட்டிக்கொடுத்தாள். தாய் போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவரும் அவர்தானாம். அதற்குள் அவள் என்னை மாமி என்று கூப்பிடப் பழகியிருந்தாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தவை ஆம் என்பதற்கு ஓம், போதும் என்பதற்குக் காணும், பிறகு மாமி, இந்த மூன்று சொற்கள்தான். அவற்றை வைத்தே என்னோடு ஒரு மாலைப்பொழுதைக் கடத்திவிடுவாள்.

பிறகு அழைப்பிதழ் வந்தது. எங்கள் ஆட்களின் அழைப்பிதழைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர், முன்னாள் தபாலதிபர், சமாதான நீதவான். ஒன்றும் இல்லாதவருக்கு வர்த்தகர். என் கணவருக்கு வர்த்தகர் என்று போட்டோம். பெண்ணின் தகப்பனுக்கு வெறும் பெயர் மட்டும் போதும் என்று மகன் சொன்னான். அவருக்கு இதெல்லாம் பிடிக்காது, அவர்கள் நாட்டில் பதவியைச் சொந்தக் காரியத்துக்குப் போடுவதில்லை என்றான். நான் சரி என்றேன். அவன் வேலைக்குப் போனதும் கிழக்கு லண்டனில் இருக்கும் அச்சகக்காரருக்குப் போன் எடுத்து, கௌரவ விவசாய அமைச்சர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போடச் சொன்னேன். எழுத்தைத் தங்க நிறத்தில் போடட்டுமா அக்கா என்று அவர் கேட்டார். போடுங்கோ என்றேன்.

அட்டைகள் வந்தபோது மகன் பார்த்துவிட்டான். கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போனான். அதற்குள் பாதி வீடுகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. மச்சாள் அதைப் படம் எடுத்து, தன் தமையன் வீட்டுக்கு அமைச்சர் வீட்டுச் சம்பந்தம் வந்திருக்கிறது என்று பேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். நான் அதற்கு இதயம் அடித்தேன்.

நான்கு நாள் கழித்து ஒரு பெண் போன் பண்ணினாள். அழைப்பிதழின் அடியில் தொடர்புக்கு என்று போட்டிருந்தது வேலைக்குரிய என் நம்பர்தான். பாயிலர் பழுதா என்று கேட்டேன். இல்லை, அமைச்சரின் மகளுடைய கலியாணம் பற்றி என்றாள். உச்சரிப்பைக் கேட்டதும் பெண் வீட்டு உறவு என்று நினைத்துவிட்டேன். மனம் குளிர்ந்து எல்லாம் சொன்னேன். மண்டபம், நாதஸ்வரம், மணவறைக்குப் போடப்போகிற பூ. இது சிறிய கலியாணமா என்று அவள் கேட்டாள். ஓம், மிகவும் சிறியது, அறுநூறு பேர்தான் என்றேன். எனக்கு அது சிறியதுதான். மச்சாளின் மகளுக்கு ஆயிரத்துக்கு மேல்.

அவள் அந்த நாட்டுச் செய்தியாளர் என்பது அடுத்த நாள் காலை தேநீரோடுதான் தெரிந்தது. நான் வழக்கமாகப் படிக்கும் பக்கத்தில் என் அழைப்பிதழ் இருந்தது, தங்க எழுத்துப் பளபளக்க. பக்கத்தில் வேறொரு படம்; அந்த மாதம் முழுவதும் பாராளுமன்றத்துக்கு முன்னால் உழவு இயந்திரங்களை நிறுத்தி, வரியைக் குறைக்கச் சொல்லிக் குளிரில் நின்ற விவசாயிகள். சின்னக் குடும்பக் கலியாணம் ஒன்றுக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் அமைச்சர் பிரதமரிடம் லீவு கேட்டிருந்தார். நான்தான் அவருக்குச் சின்னக் கலியாணம் என்று சொல்லியிருந்தேன். இப்போது மொட்டையர் கமராவுக்கு முன்னால் நின்று, அறுநூறு பேர் எப்படிச் சின்னது, அமைச்சின் பெயரில் லண்டனில் யார் விருந்து வைக்கிறார்கள், பிரதமரிடம் பொய் சொன்ன ஒருவரோடு ஒரே மேசையில் எப்படி இருப்பது என்று கேட்டார். அறுநூறு என்பது என் வாயால் வந்தது என்றும் போட்டிருந்தார்கள். தேநீர் ஆறும்வரை அதே இடத்தில் இருந்தேன்.

அன்று பின்னேரம் பெண் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. அழைப்பிதழை மேசையில் வைத்து, இதை யார் போடச் சொன்னது என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். அச்சகக்காரர் தன்பாட்டுக்குப் போட்டுவிட்டார் என்றேன். எப்படி அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மகன் கதவடியில் நின்றான். அவனுக்கு உண்மை தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, என் பக்கம் பேசவும் இல்லை. அவள் என்னைப் பார்த்து, சரி என்றாள். மாமி என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்றும் சொல்லவும் இல்லை; ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் எதிரே வந்து நின்று, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பாள்.

கூட்டு அரசாங்கம் ஒரு வாரம் ஆடியது. ஒவ்வொரு காலையும் படித்தேன், இப்போது வேறு மாதிரி. பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மொட்டையரின் கட்சி, விவசாய அமைச்சர் போகாவிட்டால் தாங்கள் போகிறோம் என்றது. கடைசியில் அமைச்சு கரண்டிக் கட்சியிடமே இருக்கட்டும், ஆளை மட்டும் மாற்றுங்கள் என்று பேசி முடித்தார்கள். சம்பந்தி ஒரு தாளைப் பார்த்து நாலு வரி வாசித்துப் பதவி விலகினார். லண்டனில் இருக்கும் குடும்பத்தைக் குறை சொல்ல வேண்டாம், அவர்களுடைய வழக்கம் அது என்பது கடைசி வரி. அதைப் படித்துவிட்டு முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாருடைய பாயிலரோ.

அழுது முடிந்ததும் எனக்கு ஒரு கெட்ட நிம்மதி வந்தது. பதவிதான் போய்விட்டதே, இனி மனிதருக்கு வேலை இல்லை, கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்னரே வந்து ஆறுதலாக இருக்கலாம் என்று நினைத்தேன். அதை ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பெண்ணிடம் சொல்லியும் வைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. அப்பா இப்போதுதான் வர முடியாது என்றாள்.

பிறகு விளக்கினாள், ஒரு குழந்தைக்குச் சொல்வது போல. அவர்கள் நாட்டில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அமைச்சரானால் அவருடைய ஆசனத்தில் ஒரு பதிலாள் வந்து இருப்பார். அமைச்சர் பதவி போனால் இவர் திரும்பவும் உறுப்பினர், பதிலாள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அமைச்சராக இருந்தபோது அவர் வாக்குப் போட வேண்டியதில்லை, பதிலாள் போடுவார். இனி அவர்தான் போட வேண்டும். பட்ஜெட் வாக்கெடுப்பு கலியாண வாரத்தில். வியாழக்கிழமை தொடங்கினால் முடியும்வரை எழும்ப மாட்டார்கள், எதிர்க்கட்சி ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனி வாக்குக் கேட்கும். ஒரு வாக்குத்தான் கூட. தன்னை விலக்கிய அரசாங்கம் என்றாலும், வாக்குக் கொடுத்துவிட்டார், விட்டுவிட்டு வர மாட்டார். இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். அந்த ஒரு தங்க வரியால் நான் அவரை அமைச்சிலிருந்து இறக்கி, மகளின் கலியாண நாளில் ஆசனத்தில் கட்டிப்போட்டிருந்தேன்.

மிச்சம் இருந்த அழைப்பிதழ்களில் பதவியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய இடம்தான் முதலில் கண்ணில் பட்டது. விட்டுவிட்டேன்.

கலியாண நாள் காலை ஏழு மணிக்கு மண்டபத்தில் இருந்தோம். மணவறையின் பெண் பக்கத்தில் தகப்பனுக்கு ஒரு கதிரை. சம்மணம் கட்டி இருக்க முழங்கால் விடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் கணவர் அதைப் பட்டுத்துணி சுற்றிப் போட்டு வைத்திருந்தார். நான் என் சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி போனில் அந்த நாட்டுப் பாராளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை தொடங்கியது இன்னும் முடியவில்லை. எல்லோரும் கசங்கிப்போயிருந்தார்கள். கண்ணாடி கண்ணாடியைத் துடைத்தார். பின்வரிசையில் சம்பந்தி, நீல சூட் போட்டுக்கொண்டு இருந்தார். கலியாணத்துக்குப் போடுவதற்கு என்று மகனிடம் படம் அனுப்பிக் காட்டிய அதே சூட். அதை உடுத்துக்கொண்டே வாக்குப் போட வந்திருக்கிறார்.

எட்டே முக்காலுக்குக் கடைசி வாக்கு. சுவரில் இருந்த பெரிய பலகையில் எண்கள் வந்தன. ஒரு வாக்கால் பட்ஜெட் நிறைவேறியது. பெரியம்மா முதன்முறையாகக் கையை அவிழ்த்தார். கமரா பின்வரிசைக்குத் திரும்பியபோது அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் மகனின் போனுக்குச் செய்தி வந்தது. விமான நிலையத்துக்குப் போகிறார், ஒன்றே கால் மணிக்கு லூட்டனில் இறங்குவார். மண்டபத்துக்கு வர எப்படியும் இரண்டரை ஆகும்.

முகூர்த்தம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. ஐயர் நல்ல மனிதர், அவர் ஒரு வழி சொன்னார். உறவில் ஒரு தம்பதியைத் தகப்பன் தாய் இடத்தில் இருத்தித் தாரை வார்க்கலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது. என் தமையனும் அண்ணியும் அருகில் தயாராக நின்றார்கள். பெண்ணிடம் கேட்க மணமகள் அறைக்குப் போனேன். அவள் பட்டுச்சேலையில், நெற்றிச்சுட்டியோடு, கண்ணாடி முன்னால் நேராக இருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, பாராளுமன்றத்தில் அப்பாவின் ஆசனத்தில் இரண்டு வருடம் பதிலாள் இருந்தார், இங்கேயும் பதிலாளா என்று கேட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் முகூர்த்தம் தவறக் கூடாது என்றால் நீங்கள் சொல்வது போலச் செய்யுங்கள் என்றாள். இந்தப் பிள்ளை எனக்காக விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னால் தாங்க முடியவில்லை.

நாள், கோள், ராகுகாலம் இல்லாமல் வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி கூட வாங்காதவள் நான். ஐயரிடம் போய், இரண்டரைக்குப் பிறகு ஏதாவது நேரம் பாருங்கோ என்றேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, மத்திமமான நேரம் ஒன்று இருக்கிறது, ஆனால் மூன்று மணிக்கு எமகண்டம், அதற்குள் தாலி ஏற வேண்டும் என்றார். மற்றக் கிரியைகளை முதலே முடித்து வைத்தால் சமாளிக்கலாம். மண்டபம் ஐந்து மணிவரை எங்களுடையது. சனம் என்ன சொல்லும் என்று மச்சாள் கேட்டாள். அதைத்தான் நானும் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறிவிப்பாளரிடம் மைக்கை வாங்கினேன். அறுநூறு பேர். மூன்றாவது வரிசையில் அச்சகக்காரர் மனைவியோடு இருந்தார்.

“எல்லாரும் மன்னிக்கவேணும். தாலி கட்டு ரெண்டரைக்குப் பிறகுதான். பொம்பிளையின்ர தகப்பன் வந்துகொண்டிருக்கிறார். அவர் பிந்தினதுக்கு நான்தான் காரணம். அழைப்பிதழில அமைச்சர் எண்டு போடச் சொன்னது நான். பிரின்டர் இல்லை. அதால அந்த மனுசன்ர பதவி போயிட்டுது. தயவுசெய்து எல்லாரும் முதல்ல சாப்பிடுங்கோ.”

தாலி ஏறுமுன் பந்தியா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கணவர் எழும்பி, கத்தரிக்காய்க் கறி ஆறப்போகுது, வாருங்கோ என்று சொல்லி முதல் ஆளாகச் சாப்பாட்டு மண்டபத்துக்கு நடந்தார். பின்னால் அச்சகக்காரர் எழுந்தார். பிறகு எல்லோரும் போனார்கள். மகன் மணவறையில் தலைப்பாகையோடு இருந்தபடி நான் மைக்கில் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் அவளுக்கு அனுப்பினான் என்று பிறகு அறிந்தேன். சிலர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை, லீவு எடுக்காதவர்களும் இருந்தார்கள்.

இரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லூட்டனுக்கு அனுப்பியிருந்த தமையனின் கார் வந்தது. நான் வாசலிலேயே நின்றேன். சம்பந்தி அதே நீல சூட்டோடு இறங்கினார். சட்டையில் பாராளுமன்ற அடையாள அட்டை இன்னும் தொங்கியது. கையில் துணியில் சுற்றிய, கறுப்பு மாவில் சுட்ட பாண் ஒன்றும் உப்பும். அவர்கள் வழக்கத்தில் பெற்றோர் அதைப் புதுமணத் தம்பதிக்குக் கொடுப்பார்கள். நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்த ஆங்கில மன்னிப்பில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதியைச் சொன்னேன். அவர் பாணை என் கையில் தந்துவிட்டு அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தார். என் அமைச்சர் கதிரைக்கு மூன்று பேர் கோடைகாலத்திலிருந்து காத்திருந்தார்கள், உங்கள் அழைப்பிதழ் இல்லாவிட்டால் வேறொரு சாட்டு என்றார். அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று எனக்கு இன்றும் தெரியாது. பிறகு, பிந்திவிட்டேனா என்று கேட்டார். இல்லை, இன்னும் தொடங்கவில்லை என்றேன்.

இருவரும் உள்ளே நடந்தோம். மேளக்காரர் எங்களைக் கண்டு தவிலை எடுத்தார். அறிவிப்பாளர் கையில் பழைய தாள், எல்லாப் பெயரும் பட்டமும் எழுதியது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

“அக்கா, இப்ப இவரை என்னெண்டு சொல்லுறது? முன்னாள் அமைச்சர் எண்டோ, எம்பி எண்டோ?”

“பொம்பிளையின்ர தகப்பன் எண்டு சொல்லுங்கோ. அது காணும்.”

அவர் அப்படியே சொன்னார். மணமகளை அழைத்துவந்தார்கள். தகப்பனைக் கண்டதும் அவள் மாலையோடு நின்றுவிட்டாள். தோழிப் பெண் மெதுவாகத் தள்ள வேண்டியிருந்தது. ஐயர் மணிக்கூட்டைக் காட்டி அவசரப்படுத்தினார். சம்பந்தி மணவறைக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் காலுறையோடு நின்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“மாமி, அப்பா எங்கே இருக்க வேண்டும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலையிலிருந்து யாரையும் இருக்கவிடாமல் வைத்திருந்த கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டேன்.